பொறு என்று சொன்னவள்

என் அலுமாரியின் மேல்தட்டில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு பழுப்பு நிறச் சம்பள உறை இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். மேல்மூலை ஒன்று வெட்டப்பட்டிருக்கும். உறையைப் பிரிக்காமலே தாள்களின் நுனியை விரலால் தள்ளி எண்ணிப் பார்க்கலாம். சில்லறை தெரிவதற்குச் சின்னத் துளைகளும் உண்டு. அந்தக் காலத்தில், எண்ணிப் பார்த்துக் குறைந்தால் பிரிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். பிரித்த பிறகு சொன்னால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மேற்பார்வையாளர் வரிசையாகக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். 1975 தொடக்கம் எட்டு ஆண்டுகள் நான் அதை எண்ணியதுமில்லை, பிரித்ததுமில்லை. ஒட்டியது ஒட்டியபடியே வீட்டுக்காரரின் கையில் கொடுத்தேன். அவர் கேட்டு வாங்கவில்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்று நானே நினைத்திருந்தேன்.

பிள்ளைகளே, எனக்கு இப்போது 74 வயது. சென்ற மாதம் நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உங்களில் ஒருத்தி, பதினாறு வயது இருக்கும், என் பக்கத்தில் வந்து அமர்ந்து கேட்டாள்: "அம்மம்மா, நீங்கள் எல்லாரும் ஏன் எல்லாத்தையும் பொறுத்துக்கொண்டு இருந்தனீங்கள்?" அந்தக் கேள்வியில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. உண்மையில் அறிய விரும்பிக் கேட்டாள். எனக்கு அன்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பல இரவுகள் யோசித்து இதை எழுதுகிறேன்.

1974ஆம் ஆண்டு ஐப்பசியில் இந்த லண்டனுக்கு வந்தேன். கலியாணம் முடிந்து ஏழு மாதம். அவர் கணக்காளர் படிப்புப் படித்துக்கொண்டு இரவில் பெற்றோல் நிலையத்தில் நின்றார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த ஆண்களில் பாதிப் பேரின் இரவு அப்படித்தான் கழிந்தது. டொலிஸ் ஹில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரே ஓர் அறை. சமைக்கவும் குளிர் காயவும் மீற்றரில் பத்துப் பென்ஸ் குற்றி போட வேண்டும். குற்றி தீர்ந்தால் உலையில் அரிசி பாதி வெந்தபடியே நிற்கும். அவர் வேலையால் வரும்போது நான் வேலைக்குப் போவேன். கட்டில் ஆறுவதற்குள் ஆள் மாறிப் படுத்தோம்.

எனக்குக் கிடைத்தது மின்கருவிகளுக்குக் கம்பி இணைத்து ஈயப்பற்று வைக்கும் வேலை. புகை நேரே கண்ணுக்குள் ஏறும். வரிசையில் இருபது பெண்கள். பெரும்பாலானோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திகள். என் வலப்பக்கத்தில் கம்பாலாவில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் இருந்தார். 1972இல் இடி அமீன் ஆசியர்களுக்குத் தொண்ணூறு நாள் கெடு விதித்து நாட்டைவிட்டுத் துரத்தியபோது பிரித்தானியாவுக்கு வந்த ஏறத்தாழ 28,000 பேரில் அவரும் ஒருவர். நாங்கள் அவரை 'பென்' என்று கூப்பிட்டோம். அவர்கள் மொழியில் சகோதரி என்று பொருள். மூன்று வேலைக்காரர் வைத்து நடத்திய கடையை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்தவர். அவர் அழுது நான் கண்டதில்லை. ஒருநாள் கேட்டேன். "கடையைத்தானே எடுத்தான், கையை எடுக்கவில்லையே" என்று சொல்லிவிட்டு அடுத்த கம்பியை எடுத்தார்.

அது ஒரு வகைப் பொறுமை. இழந்ததை எண்ணி உட்காராமல் அடுத்த வேலையைக் கையில் எடுப்பது. அந்தப் பொறுமையால்தான் இந்த நகரத்தில் உங்கள் வீடுகள் எழுந்தன. அதைக் குறைவாக யாரும் பேசினால் நான் ஒப்பமாட்டேன்.

அடுத்தது நான் கண்ணால் கண்ட ஒன்று. 1976ஆம் ஆண்டு கோடை, இந்த நாடு அதுவரை அதிகம் கண்டிராத வெயில். எங்கள் அறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சாப்டர் வீதியில், கிரன்விக் என்ற படம் கழுவும் தொழிற்சாலை இருந்தது. விடுமுறையில் மக்கள் எடுத்த படச்சுருள்களை அஞ்சலில் அனுப்ப, இவர்கள் கழுவி அச்சிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே கோடையில்தான் வேலை குவியும். மேலதிக நேரம் கட்டாயம். நாற்பது மணி நேர வாரத்துக்கு 28 பவுண் சம்பளம். கழிப்பறைக்குப் போகக் கைதூக்கி அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்று அங்கே வேலை செய்த பெண்கள் சொன்னார்கள். ஆசியப் பெண்களுக்கு, அதுவும் மாமியார் வயதில் உள்ளவர்களுக்கு, இளவட்ட மேலாளர் முன் அப்படிக் கை தூக்கி நிற்பது எவ்வளவு கூச்சம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் புறப்பட ஆயத்தமான ஜயாபென் தேசாய் என்ற பெண்மணியை மேலதிக நேரம் நிற்கச் சொன்னார்கள். குஜராத்தில் பிறந்து, தங்கனீக்காவில் வாழ்ந்து, 1967இல் இங்கே வந்தவர். நாலடி பத்து அங்குல உயரம்தான் இருப்பார். மேலாளரிடம், நீங்கள் நடத்துவது தொழிற்சாலை அல்ல, மிருகக்காட்சிசாலை என்றார். அங்கே ஆட்டுவித்தபடி ஆடும் குரங்குகளும் உண்டு, தலையைக் கடித்தெடுக்கும் சிங்கங்களும் உண்டு, நாங்கள் அந்தச் சிங்கங்கள் என்ற கருத்தில் பேசிவிட்டு, கூட வேலை செய்த மகனையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். சில நாட்களில் வாசலில் நின்றவர்கள் 137 பேர் ஆனார்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் ஆசியர். பத்திரிகைகள் அவர்களைச் சேலை கட்டிய வேலைநிறுத்தக்காரர் என்று எழுதின. அவர்கள் கேட்டது தொழிற்சங்கத்தில் சேரும் உரிமையை.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நின்றார்கள். மழையிலும் பனியிலும் சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் அட்டையோடு. கிரிக்கல்வூட் அஞ்சல்காரர்கள் அந்தத் தொழிற்சாலையின் கடிதங்களைத் தொடமாட்டோம் என்றார்கள். 1977 ஜூலை 11ஆம் தேதி யோர்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் உட்பட ஏறத்தாழ 20,000 பேர் அந்தச் சின்ன வீதிகளுக்குள் வந்து நிறைந்தார்கள். வெள்ளைக்காரத் தொழிலாளி ஆசியப் பெண்ணுக்காக வந்து நிற்பான் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். மூன்று ஆண்டுக்கு முன், 1974இல், லெஸ்டரில் இம்பீரியல் தட்டச்சுத் தொழிற்சாலையில் ஆசியத் தொழிலாளர் வெளியேறியபோது அவர்களுடைய சங்கமே அவர்களைக் கைவிட்டிருந்தது.

நான் எங்கே நின்றேன்? ஒவ்வொரு நாள் காலையும் அவர்களைக் கடந்துதான் ரயிலுக்குப் போனேன். தலையைக் குனிந்துகொண்டு போனேன். எங்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய விசா. பொலிஸ் நிற்கும் இடத்தில் முகம் காட்டக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். அந்தப் பயம் பொய்ப் பயம் அல்ல. பயந்ததற்காக நான் வருந்தவில்லை. ஆனால் ஒரு மார்கழிக் காலை, வாசலில் நின்ற ஒரு வயதான பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையுறை இல்லாமல் இரண்டு கையையும் வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். என் பைக்குள் ஒரு போத்தல் சுடுதேநீர் இருந்தது. நான் திரும்பிச் சிரிக்கக்கூட இல்லை. அதற்கு எந்த விசாவும் தடையில்லை.

அவர்கள் வெல்லவில்லை, பிள்ளைகளே. விசாரணைக் குழு அவர்களை மீண்டும் வேலைக்கு எடுக்கச் சொல்லியும் முதலாளி எடுக்கவில்லை. பிரபுக்கள் சபை நீதிபதிகளின் தீர்ப்பும் முதலாளி பக்கமே வந்தது. ஜயாபென் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைமையக வாசலில் உண்ணாவிரதம் இருந்தார். அதற்காகச் சொந்தச் சங்கமே அவரை இடைநிறுத்தியது. 1978 ஜூலை 14இல் போராட்டம் முடிந்தது. ஒருவருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்களின் சம்பளம் அந்தக் காலத்திலேயே கூடியது. அதைவிட, நம் பெண்கள் குறைந்த கூலிக்கு வாய் திறவாமல் வேலை செய்வார்கள் என்று எண்ணியிருந்த முதலாளிகளின் எண்ணம் அந்த வீதியில் உடைந்தது.

வாசலில் நின்ற அந்தப் பெண்கள் செய்ததும் பொறுமைதான். இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் எடுத்தன. அடங்கி இருப்பவர்தான் பொறுமைசாலி, எதிர்த்து நிற்பவர் பொறுமை இழந்தவர் என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்தார்கள். இரண்டு பனிக்காலம் தெருவில் நிற்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! எங்கள் ஊரில் 'நின்று பிடித்தல்' என்று ஒரு சொல் உண்டு. புயலில் வாழை சாயும், பனை நின்று பிடிக்கும். அந்தப் பெண்கள் நின்று பிடித்தவர்கள்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அதை எழுத இன்றும் கை கூசுகிறது. 1979 ஜனவரியில் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் இங்கே இருந்த தம் வருங்காலக் கணவரை மணக்க ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கினார். அப்போது மணமகளாக வருபவருக்கு முன்கூட்டியே அனுமதி தேவைப்படவில்லை. மனைவியாக வருபவர் நெடுங்காலம் வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது. இவர் ஏற்கெனவே மணமானவராக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட அதிகாரிகள், அவர் கன்னியா என்று ஒரு மருத்துவரைக் கொண்டு சோதிக்க வைத்தார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் ஒப்புக்கொண்டார். பிறகு அவர் அதை 'கார்டியன்' பத்திரிகைக்குச் சொன்னார். பெப்ரவரி முதலாம் தேதி செய்தி வந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. இந்தியாவில் இருந்த பிரித்தானியத் தூதரகங்களிலும் குறைந்தது எண்பது பெண்களுக்கு அது நடந்திருந்தது என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு அரசுக் கோப்புகளிலிருந்து தெரியவந்தது. அந்த எண்பது பேரும் வெட்கத்தில் வாய் மூடியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் மூடியிருப்பேன். ஆனால் அது நின்றது ஒருத்தி வாய் திறந்ததால்.

இனி அந்த உறையின் கதை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. வெள்ளவத்தையில் இருந்த என் தங்கை பிள்ளைகளோடு அகதி முகாமில் இருப்பதாகவும், கையில் ஒரு சதமும் இல்லை என்றும் செய்தி வந்தது. என் வீட்டுக்காரர் வேலை விஷயமாக ஸ்கொட்லாந்து போயிருந்தார். கைத்தொலைபேசி இல்லாத காலம். எட்டு ஆண்டுகள் வெள்ளிக்கிழமை தவறாமல் உழைத்தவள் நான். வங்கிப் புத்தகம் எந்த லாச்சியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தேடி எடுத்தபோது அதில் என் பெயர் இல்லை. மூன்று நாள் தங்கைக்கு ஒன்றும் அனுப்ப முடியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பேருந்தில் இருந்தபடியே உறையைப் பிரித்தேன். சனிக்கிழமை காலை வங்கிக்குப் போய் என் பெயரில் ஒரு கணக்குத் திறந்தேன். அவர் திரும்பி வந்ததும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை நான்தான் முதலே செய்து தந்திருக்க வேணும்" என்றார். அன்று பிரித்த உறைதான் என் அலுமாரியில் இருப்பது.

நல்ல கணவன் அமைந்த பெண்ணுக்கே இந்த நிலை என்றால், மற்றவளின் நிலையை யோசியுங்கள். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழை அது.

1990ஆம் ஆண்டு. எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒருவருக்கு ஊரிலிருந்து புதுப்பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது, நல்லாகப் பாடுவாள். கணவன் படித்தவர், நல்ல உத்தியோகம், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். மூன்றாம் மாதமே அவள் கையில் நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்தேன். கதவில் அடிபட்டது என்றாள். ஐந்தாம் மாதம் என் குசினியில் நின்று அழுதாள். அவளுடைய கடவுச்சீட்டை அவர் பூட்டி வைத்திருந்தார். வெளியே போக விடுவதில்லை, தொலைபேசிக்குப் பூட்டு.

"நான் இப்ப வெளிக்கிட்டால் என்னைத் திருப்பி அனுப்பிப் போடுவினமோ அக்கா?"

அந்தக் கேள்விக்கு ஆதாரம் இருந்தது. அந்தக் காலத்தில் மனைவியாக வருபவளுக்கு முதலில் பன்னிரண்டு மாத விசாதான். அதற்குள் திருமணம் முறிந்தால் இங்கே இருக்க உரிமை இல்லை. அரசாங்க உதவிப் பணமும் கிடைக்காது. ஆகவே அடைக்கலம் தரும் இல்லங்களும் அவளை ஏற்கத் தயங்கும். அடிக்கும் கணவன்மாருக்கு அந்தச் சட்டம் இரண்டாவது பிரம்பு. ஊருக்குத் திரும்பவும் முடியாது. அங்கே போர்; வாழாவெட்டி என்ற பெயர் வேறு.

நான் அவள் தலையைத் தடவிச் சொன்னேன்: "பொறு பிள்ளை. இன்னும் ஏழு மாசம்தானே. விசா கையில வரட்டும், பிறகு பாப்பம். பொறுத்தார் பூமி ஆள்வார் எண்டு சும்மாவே சொன்னவை?"

அவள் பொறுத்தாள். பத்தாம் மாதம் விழுந்த அறையில் இடது காதின் சவ்வு கிழிந்தது. சரியான நேரத்தில் மருத்துவரிடம் கொண்டுபோகவில்லை. சீழ் வைத்து அந்தக் காது கேளாமல் போய்விட்டது. இன்று அவளுக்கு 57 வயது. இப்போதும் அவளோடு பேசுவதென்றால் நான் அவளுடைய வலப்பக்கத்தில்தான் அமர்வேன். ஒவ்வொரு முறை அமரும்போதும், நான் லேசாகச் சொன்ன அந்தச் சொல்லின் எடை எனக்குத் தெரிகிறது.

அந்தப் பழமொழியை அதற்குப் பிறகு எத்தனையோ முறை மனதில் புரட்டிப் பார்த்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். ஆள்வதற்காகப் பொறுப்பது. பொறுத்தார் அடிபட்டுச் சாவார் என்று அவர்கள் சொல்லவில்லை. முன்பாதியைப் பெண்ணுக்குச் சொல்லிவிட்டுப் பின்பாதியை மறைத்தவர்கள் நாங்கள்தான். கஷ்டத்தைத் தாங்கலாம், தாங்கத்தான் வேண்டும், தாங்காமல் ஒரு காரியமும் கைகூடாது. கொடுமையைத் தாங்குவது வேறு. அது தாங்குகிறவளை ஒன்றும் ஆக்காது. கொடுமை செய்கிறவனைத்தான் வளர்க்கும். குளிரையும் கூலி வேலையையும் பொறுத்த என் பலத்தையும், அறையை வாங்கிக்கொண்டு நின்ற அவள் பலத்தையும் ஒரே சொல்லால் நான் புகழ்ந்தேன். அதுதான் பிழை.

அந்தப் பிள்ளையின் காது போன பிறகு எனக்கு வழி காட்டியவர் என் பழைய 'பென்'. சவுத்ஹோலில் நம்மைப் போன்ற பெண்களுக்கு உதவும் ஓர் இடம் இருக்கிறது என்று சொல்லி, தானே கூட வந்தார். மூன்று பேருந்து மாறிப் போனோம். அந்தப் பிள்ளை என் கோட்டைப் போட்டிருந்தாள். அவளுடைய கோட்டும் பூட்டிக் கிடந்தது. அங்கே இருந்த பெண்கள் அவளை ஏன் இவ்வளவு நாள் இருந்தாய் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. தேநீர் கொடுத்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். வழக்கறிஞர், மருத்துவர், விசா என்று இரண்டு ஆண்டுக்கு மேல் இழுத்து, கடைசியில் இங்கே இருக்க அனுமதி கிடைத்தது.

ஊர் சும்மா இருக்குமா? குடும்பம் பிரித்தவள் என்று எனக்குப் பெயர் வந்தது. இரண்டு கலியாணங்களுக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. கோயிலில் சிலர் முகம் திருப்பினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ஓர் இரவு, "நீர் செய்தது சரி. முந்தியே செய்திருக்கலாம்" என்றார். அவர் சொன்ன இரண்டாவது வசனம்தான் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதே காலத்தில்தான் கிரண்ஜித் அலுவாலியாவின் வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. பஞ்சாபிலிருந்து 1979இல் மணமாகி வந்தவர். பத்து ஆண்டுகள் அடியும் சூடும் பட்டவர். உறவினர்கள் ஒவ்வொரு முறையும் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பினார்கள். 1989இல் ஓர் இரவு, தூங்கிய கணவன்மேல் பெற்றோல் ஊற்றித் தீ வைத்துவிட்டார். கணவன் சில நாளில் இறந்தார். கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. 'சவுத்ஹோல் பிளாக் சிஸ்டர்ஸ்' என்ற அமைப்பின் பெண்கள் விடாமல் போராடினார்கள். 1979இல் தொடங்கிய அமைப்பு அது. ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் நடத்துவது. 1992இல் மேன்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு விலக்கப்பட்டு, செப்டெம்பரில் அவர் விடுதலையானார். கணநேர ஆத்திரம் மட்டுமே குற்றத்தைக் குறைக்கும் என்ற பழைய சட்டப் பார்வையை அந்த வழக்கு கேள்விக்குள்ளாக்கியது. 2009ஆம் ஆண்டுச் சட்டம், நிதானம் இழப்பது திடீரென்று நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது. அடிபடும் மனைவி விசாவுக்காக அடங்கிக் கிடக்க வேண்டியதில்லை என்ற சலுகையும் 1999இல் வந்து, 2002இல் குடிவரவு விதிகளில் சேர்ந்தது. இவையெல்லாம் தானாக வந்தவை அல்ல. வீதியில் நின்ற பெண்கள் கேட்டுப் பெற்றவை.

கிரண்ஜித் செய்ததை நான் சரி என்று சொல்லவில்லை. ஓர் உயிர் போயிற்று. இரண்டு ஆண் குழந்தைகள் தகப்பனை இழந்தார்கள். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் அவரைச் சுற்றி எத்தனை பேர் பொறு என்று சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். அவர்களில் ஒருத்தி வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் இருவரும் தப்பியிருக்கலாம்.

எங்களுடைய காலம் முழுவதும் கண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். விடிய நாலு மணிக்கு எழுந்து அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு, பிள்ளைகள் எழும்பும் முன் வீட்டுக்கு வந்து புட்டு அவித்த பெண்களை எனக்குத் தெரியும். சீட்டுப் பிடித்து, அந்தச் சீட்டுக் காசை ஏஜென்சிக்குக் கட்டித் தம்பியை வெளிநாட்டுக்கு எடுத்தார்கள். உண்டியலில் காசு அனுப்பி வன்னியில் ஒரு குடும்பத்தைப் போர்க்காலம் முழுவதும் காப்பாற்றினார்கள். 2005 ஆகஸ்டில் ஹீத்ரோவில் விமானச் சாப்பாடு கட்டும் நிறுவனம் ஒன்று ஒரே நாளில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோரை வேலையை விட்டு நீக்கியபோது, வீதியோரப் புல்மேட்டில் வாரக்கணக்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சவுத்ஹோல் பஞ்சாபிப் பெண்கள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு டொலிஸ் ஹில் வாசல் நினைவுக்கு வந்தது. அந்த முறை நான் தேநீர் கொண்டு போனேன்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். உங்கள் கடவுச்சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும். தாய் கேட்டாலும், மாமியார் கேட்டாலும், கட்டியவர் அன்பாகக் கேட்டாலும் சரி. சம்பளம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு வரட்டும். பிறகு வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்று இருவரும் இருந்து பேசுங்கள். கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். புதிதாக ஊரிலிருந்து வரும் பெண்ணை முதல் மாதமே ஆங்கில வகுப்பில் சேர்த்துவிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது மொழிபெயர்க்கக் கணவனையே உட்கார வைக்காதீர்கள். உடம்பில் நீலம் பாய்ந்ததை அவன் எப்படி மொழிபெயர்ப்பான்?

ஜயாபென் தேசாய் அந்தப் போராட்டத்துக்குப் பிறகு தையல் கற்பிக்கும் ஆசிரியை ஆனார். அறுபதாவது வயதில் கார் ஓட்டப் பழகினார். மற்றப் பெண்களையும் பழகச் சொன்னார். 2010 டிசம்பரில் இறந்தார். அவரைப் பற்றி வாசித்த பிறகு, என் 61ஆவது வயதில் நானும் பழகினேன். மூன்றாம் முறைதான் தேறினேன். வீட்டுக்காரர் மறைந்த பிறகு, நானே கார் ஓட்டித்தான் தமிழ்ப் பள்ளிக்கு வருகிறேன்.

ஆண் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உங்கள் தாய் பொறுத்த கதையைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் அவள் எதைப் பொறுத்தாள், யாரால் பொறுக்க வேண்டி வந்தது என்றும் அவளிடம் கேளுங்கள். அவள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்.

என்னிடம் கேட்ட அந்தப் பிள்ளைக்கு என் பதில் இதுதான், மகளே. நாங்கள் பொறுத்ததில் பாதி, உங்களை வளர்க்கப் பொறுத்தது. அதற்காக நான் வருந்தவில்லை. மற்றப் பாதியைப் பொறுத்திருக்கத் தேவையில்லை. எங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. உனக்கு நான் சொல்லிவிட்டேன். நாளைக்கு உன் பக்கத்து வீட்டில், உன் வகுப்பில், உன் வேலையிடத்தில் ஒருத்தி கை நீலம் பாய்ந்து வந்து நின்றால், என்னைப் போல் பழமொழி சொல்லாதே. அவளுக்கு இந்த எண்ணைக் கொடு: 0808 2000 247. இங்கிலாந்து முழுவதுக்குமான வீட்டு வன்முறை உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் பெண்கள்தான் எடுப்பார்கள், காசு போகாது. ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் என்று ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்க்க ஆள் ஏற்பாடு செய்வார்கள். அவளுக்குத் தனியே பேசப் பயமாக இருந்தால், பக்கத்தில் இருந்து நீயே எடுத்துக் கொடு.